புதிய மிதிவண்டியின் முதல் மாதம்: பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

ஆண்டுத் தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை தொடங்கும் வாரங்களில், புதிய மிதிவண்டியிலிருந்து விழுந்து எங்கள் எலும்பு முறிவுப் பிரிவிற்கு வரும் குழந்தைகளின் எண்ணிக்கை கூடுகிறது. அவர்களில் பெரும்பாலோர் ஒரு சிறு கட்டுடனோ, சில வாரங்களுக்கான மாவுக்கட்டுடனோ வீடு திரும்புகின்றனர். பள்ளி திறப்பதற்குள் மீண்டும் வண்டியில் ஏறிவிடுகின்றனர். மிகச் சிலருக்கே காயம் பெரிதாகிறது. அந்தச் சிலரிடம் நடந்ததை விசாரிக்கும்போது ஒரே செய்தி திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. விழுந்த வேகம் அதிகமில்லை. ஆனால் குழந்தை விழுந்ததை வீட்டில் சொல்லவில்லை, அல்லது சொல்லியும் காயம் சிறியதாகத் தோன்றியதால் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

மிதிவண்டி கற்கும் குழந்தை விழாமல் கற்க இயலாது. எனவே விழுவதை முழுமையாகத் தடுப்பது எவ்வாறு என்று இக்கட்டுரை ஆராயவில்லை. குழந்தை எந்தப் படிகளில் கற்கிறது, எந்தப் படியில் எவ்வகைக் காயம் நேர்கிறது, எதை வீட்டிலேயே கவனித்துக்கொள்ளலாம், எதற்கு உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும் என்பவற்றையே இங்கு விளக்குகிறோம்.

கற்கும் படிகள்

1817ஆம் ஆண்டு ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் என்பவர் உருவாக்கிய இருசக்கர வண்டிக்குப் பெடல் கிடையாது. அதில் அமர்ந்தவர் இரு கால்களாலும் தரையை உந்தி உந்தி முன்னேறினார். பெடல் அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்தே வந்து சேர்ந்தது. ஒரு குழந்தை எளிதாகக் கற்பதும் இதே வரிசையில்தான். முதலில் சமநிலை, பிறகு பிரேக், அதன் பிறகே பெடல்.

இருபுறமும் சிறு துணைச்சக்கரங்கள் பொருத்திய வண்டியில் குழந்தை பெடல் மிதிக்கக் கற்றுக்கொள்கிறது; சமநிலையைக் கற்பதில்லை. வளைவில் வண்டி உட்பக்கம் சாய வேண்டும். துணைச்சக்கரம் அந்தச் சாய்வைத் தடுத்துவிடுகிறது. ஆகவே அதைக் கழற்றிய அன்று குழந்தை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது. இதைவிட எளிய வழி, பெடல்களைச் சில நாட்களுக்குக் கழற்றிவிட்டு, இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதியுமளவு சீட்டை இறக்கி, குழந்தையைக் கால்களால் உந்திச் செல்ல விடுவது. இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் அமைந்திருக்கும். சைக்கிள் கடைக்காரர் சில நிமிடங்களில் இரண்டையும் கழற்றித் தருவார். இரு கால்களையும் தூக்கியபடி சில மீட்டர் தூரம் குழந்தை நேராகச் செல்லத் தொடங்கினால், சமநிலை கைவந்துவிட்டது என்று கொள்ளலாம்.

வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே கைப்பிடியைச் சற்றுத் திருப்பினால் வண்டி நிமிரும். தொடக்கத்தில் குழந்தை அச்சத்தால் எதிர்ப்பக்கம் திருப்பும், அதனால்தான் விழும். இதை விளக்கிச் சொல்லிப் பயனில்லை, உடல் தானாகக் கற்க வேண்டும். பெரியவர் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. உடன் ஓடும்போது கைப்பிடியைப் பிடிக்காமல், குழந்தையின் தோள்களையோ முதுகையோ இலேசாகத் தாங்குங்கள். கைப்பிடியை நீங்கள் பிடித்தால் சமநிலை உங்கள் கையில் இருக்கும். குழந்தைக்கு அது தெரியவராது. மேலும், மிக மெதுவாகச் செல்லும் வண்டியை நிமிர்த்தி வைப்பது கடினம். சமதளமான, வாகனங்கள் வராத இடத்தில், முன்சக்கரத்தைப் பார்க்காமல் தொலைவைப் பார்த்து, சற்று வேகமாக உந்தச் சொல்லுங்கள்.

இப்போது நாற்பது, ஐம்பது வயதில் இருப்போர் பலர் வேறு வழியில் கற்றவர்கள். வாடகைச் சைக்கிளின் சீட்டுக்குக் கால் எட்டாததால், பாருக்குக் கீழே ஒரு காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்து, பிறகு அரைப்பெடல், அதன் பிறகு பாரின் மேல், இறுதியாகச் சீட்டின் மேல் என்று ஏறியவர்கள். அந்த முறையில் உடல் முறுக்கிய நிலையில் இருந்ததால் விழுதல்களும் மிகுதி. இன்று குழந்தையின் உயரத்திற்கேற்ற வண்டிகள் கிடைக்கும்போது அந்தச் சிரமம் தேவையில்லை.

வண்டியைத் தேர்ந்தெடுத்தல்

வளர்ந்தாலும் ஓட்டட்டும் என்று ஓரிரு அளவு பெரிய வண்டியை வாங்கிவிடுவது நம் குடும்பங்களில் வழக்கம். துணி தைப்பதில் இது சிக்கனம். மிதிவண்டியில் இது ஆபத்து. கால் தரைக்கு எட்டாத குழந்தை வண்டியை நிறுத்தத் தெரியாமல் நடுப்பாரின் மேல் விழுகிறது. பிரேக்கின் பிடி விரல்களுக்கு எட்டாமல் மோதுகிறது. கடையில் குழந்தையை வண்டியின் நடுவில் இருபுறமும் கால் வைத்து நிற்கச் சொல்லுங்கள். பாதங்கள் தரையில் முழுமையாகப் பதிந்திருக்க, நடுப்பாருக்கும் உடலுக்கும் இடையே சில சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். பிரேக்கின் பிடியை விரல்களால் எட்டி, முழுமையாக அழுத்த இயல வேண்டும். சக்கரத்தின் அங்குல அளவைவிட இவ்விரு சோதனைகளும் நம்பத்தக்கவை.

கைப்பிடியின் இரு முனைகளிலும் ரப்பர் உறை முழுமையாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். அது கிழிந்து உலோகக் குழாயின் விளிம்பு வெளியே தெரிந்தால், மாற்றும் வரை வண்டியை ஓட்டவிட வேண்டாம். இதன் காரணத்தைப் பின்னர் விளக்குகிறோம்.

தலைக்கவசம் வாங்கும்போது மிதிவண்டிக்கென்றே செய்யப்பட்ட இலகுவான கவசத்தைத் தேர்ந்தெடுங்கள். அது புருவத்திற்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் அமர வேண்டும். நெற்றி முழுவதும் தெரியும்படி பின்னால் தள்ளி அணிந்தால் பயனில்லை. தாடைக்கும் பட்டைக்கும் இடையே ஒரு விரல் மட்டும் நுழைய வேண்டும். ஒருமுறை பலமாக மோதிய கவசத்தின் உள்நுரை நசுங்கியிருக்கக்கூடும். வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் அதை மாற்றிவிட வேண்டும்.

சிராய்ப்பு

முதல் வாரத்தின் காயம் முழங்காலிலும் முழங்கையிலும் ஏற்படும் சிராய்ப்பு. இதற்கு முதல் மருந்து தண்ணீர். குழாயில் ஓடும் தூய நீரில் சில நிமிடங்கள் காயத்தைக் காட்டி, மணலும் தூசியும் முழுமையாக நீங்கும்வரை கழுவுங்கள். சுற்றியுள்ள தோலைச் சோப்பினால் கழுவலாம். தார்ச்சாலையின் கருந்துகள்கள் உள்ளே தங்கிவிட்டால், புண் ஆறிய பின்னும் பச்சை குத்தியதுபோல் அடையாளம் நிலைத்துவிடும். குருதி வடிந்தால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடங்கள் விடாமல் அழுத்துங்கள்; இடையிடையே எடுத்துப் பார்க்க வேண்டாம்.

காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு, பற்பசை ஆகியவற்றைப் புண்ணில் அப்பி வரும் குழந்தைகளை இன்றும் காண்கிறோம். இவை குருதியை நிறுத்துவதுபோல் தோன்றினாலும், புண்ணுக்குள் அழுக்கைச் சேர்க்கின்றன. அவற்றை நீக்குவதே குழந்தைக்கு இரண்டாவது வேதனையாகிறது.

அடுத்ததாகத் தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். நமது தேசியத் தடுப்பூசி அட்டவணையில் ரணஜன்னிக்கு எதிரான ஊசி குழந்தையின் 6, 10, 14ஆம் வாரங்களிலும், ஒன்றரை வயதையொட்டியும், 5 முதல் 6 வயதிலும், பிறகு 10 மற்றும் 16 வயதுகளிலும் இடம்பெறுகிறது. இவை முறையாகப் போடப்பட்டிருந்தால், ஒவ்வொரு சிராய்ப்புக்கும் ஊசி தேவையில்லை. விடுபட்டிருந்தாலோ, புண் ஆழமாகவோ மண்ணும் சாணமும் படிந்ததாகவோ இருந்தாலோ மருத்துவரைக் காணுங்கள்.

ஊன்றிய கை

விழும்போது எவரும் கையை ஊன்றுவர். அந்த விசை மணிக்கட்டு வழியாக மேலேறி முழங்கையையும் தோள்பட்டைக் காறை எலும்பையும் சென்றடைகிறது. ஆகவே மிதிவண்டி கற்கும் குழந்தைகளின் எலும்பு முறிவுகளில் பெரும்பகுதி கையில்தான் நேர்கிறது.

குழந்தையின் எலும்பு பெரியவரின் எலும்பைப்போல் காய்ந்த குச்சியன்று. பச்சைக் கிளையைப் போன்றது. அது முழுமையாக ஒடியாமல் ஒருபுறம் பிளந்து மறுபுறம் வளைந்து நிற்கலாம், அல்லது மணிக்கட்டருகே சற்று நசுங்கிப் புடைக்கலாம். இத்தகைய முறிவில் குழந்தை விரல்களை அசைக்கும். சிலவேளை பொருளைப் பிடிக்கவும் செய்யும். விரல் அசைகிறது, ஆகவே எலும்பு முறியவில்லை என்ற முடிவு தவறானது. ஒரே இடத்தில் தொட்டால் துடிக்கும் வலி, வீக்கம், கையைப் பயன்படுத்த மறுத்தல் ஆகியவை அடுத்த நாளும் நீடித்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். கை கண்ணுக்குத் தெரியும்படி வளைந்திருந்தால் அடுத்த நாள் வரை காத்திருக்கக் கூடாது.

குழந்தையின் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தகடு என்னும் மென்மையான பகுதி உண்டு. எலும்பு நீளமாக வளர்வது அங்கிருந்துதான். அப்பகுதியில் நேர்ந்த முறிவைச் சரிவரப் பொருத்தாவிட்டால் கை கோணலாக வளரக்கூடும். ஆனால் காலத்தே வந்தால் குழந்தையின் எலும்பு வியக்கத்தக்க விரைவில் கூடிவிடும். மணிக்கட்டின் எளிய நசுங்கல் முறிவு மூன்று, நான்கு வாரங்களிலேயே ஆறிவிடும்.

முறிவு என்று ஐயம் எழுந்தால், கையை எந்த நிலையில் குழந்தை வைத்திருக்கிறதோ அதே நிலையில் விடுங்கள். செய்தித்தாள்களை மடித்தோ, தடித்த அட்டையை வைத்தோ கைக்கு அடியில் தாங்கல் கொடுத்து, ஒரு துப்பட்டாவைக் கழுத்தில் தூளிபோல் கட்டி அதில் கையை ஏந்துங்கள். வளையல், மோதிரம், கயிறு ஆகியவற்றை வீக்கம் ஏறுவதற்கு முன்பே கழற்றுங்கள். எண்ணெய் தேய்க்கவோ, உருவவோ, நிமிர்த்தவோ வேண்டாம். கை வளைந்திருந்தால், மயக்கம் கொடுத்துச் சரிசெய்ய நேரலாம். எனவே மருத்துவர் பார்க்கும்வரை உணவோ பாலோ கொடுக்க வேண்டாம்.

இறுக்கிய கட்டு

முழங்கைக்குச் சற்று மேலே நேரும் முறிவு தனிக் கவனத்திற்குரியது. ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைகளிடம் இது மிகுதி. கைக்குக் குருதி கொண்டுசெல்லும் பெரிய தமனியும் நரம்புகளும் அந்த எலும்பையொட்டிச் செல்கின்றன. முறிந்த முனை அவற்றை அழுத்தலாம். அந்த நிலையில் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினால், ஏற்கெனவே வீங்கிவரும் தசைகளுக்கு விரிய இடமில்லாமல் போகிறது. உள்ளே அழுத்தம் கூடி, குருதி ஓட்டம் நிற்கிறது. ஏறத்தாழ ஆறு மணி நேரம் இந்நிலை நீடித்தால் தசைகள் மீளா வகையில் அழியத் தொடங்கும். பின்னர் அவை நார்போல் சுருங்கி, விரல்கள் உள்நோக்கி மடங்கிய நிலையில் நிலைத்துவிடும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்ட் வோல்க்மான் 1881ஆம் ஆண்டிலேயே இதை விவரித்தார். எலும்பு கூடிய பின்னும் பேனா பிடிக்க இயலாத கை, எலும்பு கூடாத கையைவிடப் பெரிய இழப்பு.

நாட்டுக்கட்டுப் போடுபவரிடம் செல்வோரைக் குறைகூறுவது இங்கு நோக்கமன்று. செலவு குறித்த அச்சமும் தொலைவும் பலரை அங்கு அழைத்துச் செல்கின்றன. ஆனால் கட்டு எங்கு போடப்பட்டாலும், அது மருத்துவமனையில் போடப்பட்ட மாவுக்கட்டே ஆயினும், கீழ்க்கண்டவற்றை ஒவ்வொரு குடும்பமும் கவனிக்க வேண்டும். வலி குறையாமல் ஏறிக்கொண்டே போகிறதா? விரல்களை நீங்கள் மெல்ல நீட்டும்போது குழந்தை அலறுகிறதா? விரல்கள் வெளிறியோ நீலமாகவோ சில்லென்றோ உள்ளனவா? மரத்துப்போனதாகக் குழந்தை சொல்கிறதா? நகத்தை அழுத்தி விட்டால் வெளிறிய நிறம் இரண்டு நொடிகளில் சிவப்பாகத் திரும்ப வேண்டும், திரும்பவில்லையா? இவற்றில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். நள்ளிரவாயினும் புறப்படுங்கள்.

வயிற்றில் இடித்த கைப்பிடி

கற்கும் குழந்தை மெதுவாகச் செல்லும்போதே முன்சக்கரம் திடீரெனக் குறுக்கே திரும்பிக்கொள்ளும். வண்டி சாயும்போது, ஹேண்டில்பார் எனப்படும் கைப்பிடித் தண்டின் ஒரு முனை தரையிலும் மறுமுனை குழந்தையின் வயிற்றிலும் பதிகிறது. குழந்தையின் முழு எடையும் ஒரு நாணய அளவுள்ள இடத்தில் இறங்குகிறது. வயிற்றுச் சுவர் மெல்லியது, பின்னால் முதுகெலும்பு. இரண்டுக்கும் இடையே கணையமும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியும் நசுங்குகின்றன. பக்கவாட்டில் பட்டால் கல்லீரலோ மண்ணீரலோ கிழியலாம்.

ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்த மூன்றாம் நாள் எங்களிடம் கொண்டுவரப்பட்டான். அடையாளம் வெளிப்படாதிருக்கச் சில விவரங்களை மாற்றியுள்ளோம். முதல் நாள் அவனுக்கு இலேசான வயிற்று வலி மட்டுமே. இரண்டாம் நாள் சாப்பாடு வேண்டாம் என்றான். வெயில் என்று எண்ணி மோர் கொடுத்தனர். மூன்றாம் நாள் பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தான். சட்டையைத் தூக்கிப் பார்த்தபோது தொப்புளுக்கு மேல் வட்ட வடிவில் ஒரு கன்றிய தடம் இருந்தது. கணையத்தில் காயம். இரண்டு வாரங்களுக்கு மேல் மருத்துவமனையில் இருந்து, அறுவைச் சிகிச்சை இன்றியே அவன் குணமடைந்தான். விழுந்ததைத் தங்கையிடம் சொல்லியிருந்தான், தந்தையிடம் சொல்லவில்லை. பிறந்தநாளுக்கு வாங்கிய வண்டியின் மட்கார்டு வளைந்துவிட்டது என்பதே காரணம். “மட்கார்டு வளைந்ததை அன்றைக்கே பார்த்தேன் டாக்டர்; எங்கே கொண்டுபோய் மோதினாய் என்று அதட்டினேன். இவன் சட்டையைத் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை,” என்றார் அந்தத் தந்தை.

கைப்பிடி வயிற்றில் பட்டது என்று தெரிந்தால், குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் அன்றே ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த மூன்று நாட்கள் வரை, கூடும் வயிற்று வலி, வாந்தி, வயிறு உப்புதல், காய்ச்சல், முகம் வெளிறுதல், அடிபடாத தோள்பட்டையில் வலி ஆகியவற்றைக் கவனியுங்கள். வயிற்றுக்குள் குருதி கசிந்தால் அந்த வலி தோளில் உணரப்படுவது உண்டு. வலி மாத்திரை கொடுத்து அறிகுறியை மறைக்க வேண்டாம்.

பின்சக்கரத்தில் சிக்கிய குதிகால்

சில காயங்கள் வண்டி ஓட்டும் பிள்ளைக்கு நேர்வதில்லை. கேரியரில் அமர்ந்து வரும் தம்பிக்கோ தங்கைக்கோ நேர்கின்றன. புதிதாக ஓட்டக் கற்ற அக்காளுக்கு முதலில் தோன்றும் ஆசை, தம்பியை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வருவது. தொங்கும் சிறு கால், சுழலும் ஸ்போக்ஸ் கம்பிகளுக்கிடையே நுழைந்து, கம்பிக்கும் வண்டியின் சட்டத்திற்கும் நடுவில் நசுங்குகிறது. பெரும்பாலும் குதிகாலும் கணுக்காலும் சேதமடைகின்றன.

கால் சிக்கினால் வண்டியை உடனே நிறுத்தி, அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்றிக் காலை இழுக்க வேண்டாம். கம்பிகளை விலக்கியோ வெட்டியோ காலை விடுவியுங்கள். இக்காயத்தின் தன்மை ஏமாற்றக்கூடியது. முதல் நாள் தோல் சற்றுக் கன்றியதுபோலவே தோன்றும். ஆனால் நசுங்கிய தோலுக்குக் குருதி கிட்டாமல், சில நாட்களில் அது கறுத்து உதிரலாம்; அடியில் குதிநாண் வெளிப்படலாம்; பிறகு தோல் ஒட்டும் சிகிச்சை தேவைப்படலாம். ஆகவே காயம் சிறிதாயினும் முதல் நாளே எக்ஸ்ரே எடுத்து, அதன் பின் மருத்துவர் குறிப்பிடும் நாட்களில் தவறாமல் காட்ட வேண்டும்.

தடுப்பது எளிது. பின்சக்கரத்தின் இருபுறமும் புடவை சிக்காமல் காக்கும் வலைத்தகடு பொருத்துங்கள். சிறு குழந்தையைக் காலுக்குத் தாங்கலும் மறைப்பும் உள்ள இருக்கையில் மட்டுமே அமர்த்துங்கள். புதிதாகக் கற்றவர், குறைந்தது முதல் சில மாதங்களுக்கு, எவரையும் பின்னால் ஏற்றக் கூடாது என்பதை வீட்டு விதியாக்குங்கள்.

தலையும் பல்லும்

விழுந்தவுடன் அழுது, சற்று நேரத்தில் இயல்பாகிவிடும் குழந்தை பெரும்பாலும் பாதுகாப்பாகவே இருக்கிறது. வழக்கமான நேரத்தில் அது உறங்கினால் உறங்கவிடலாம். முதல் இரவில் ஓரிரு முறை எழுப்பி, பெயர் சொல்லி அழைத்தால் தெளிவாக விழிக்கிறதா என்று பாருங்கள். நினைவிழத்தல், ஒன்றுக்கு மேற்பட்ட முறை வாந்தி, கூடிவரும் தலைவலி, வழக்கத்திற்கு மாறான மயக்கம் அல்லது எரிச்சல், தடுமாறும் நடை, வலிப்பு, காதிலோ மூக்கிலோ தெளிநீரோ குருதியோ வடிதல், இரு கண்மணிகளும் வெவ்வேறு அளவில் இருத்தல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். தலையில் அடிபட்டு இத்தகைய அறிகுறி இருந்த குழந்தை, மருத்துவர் அனுமதிக்கும்வரை மிதிவண்டி ஓட்டக் கூடாது. ஆறாத மூளை அதிர்ச்சியின்மேல் மற்றோர் அடி விழுவது தீங்கானது.

நிலைப்பல் வேரோடு விழுந்துவிட்டால் அதைத் தேடி எடுங்கள். வேர்ப்பகுதியைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து, அழுக்கிருந்தால் சில நொடிகள் மட்டும் நீரில் அலசி, இயன்றால் அதே குழியில் பொருத்துங்கள். இயலாவிட்டால் பாலில் இட்டுக் கொண்டுவாருங்கள். தண்ணீரில் ஊறவிடவோ துணியில் சுற்றிக் காயவிடவோ கூடாது. அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்குள் பல் மருத்துவரை அடைந்தால் அப்பல்லைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். பால்பல்லை இவ்வாறு திரும்பப் பொருத்தக் கூடாது.

சொல்லத் தயங்கும் காயம்

சீட்டிலிருந்து வழுக்கி நடுப்பாரின் மேல் கால்களை அகட்டியபடி விழுவது அடிக்கடி நேர்வது. சிறுவர்களுக்கு விதைப்பையில் வீக்கமோ, சிறுநீர்ப் பாதையில் காயமோ ஏற்படலாம். சிறுமியருக்குப் பிறப்புறுப்பின் வெளிப்பகுதியில் கிழிசலும் குருதிப்போக்கும் நேரலாம். வெட்கத்தால் பிள்ளைகள் இதை மறைக்கின்றனர். உள்ளாடையில் குருதிக்கறை, சிறுநீர் கழிக்கத் தயங்குதல், சிறுநீரில் குருதி, கால்களை அகற்றி நடத்தல் ஆகியவற்றைக் கண்டால் கனிவுடன் கேளுங்கள். சிறுநீர் வரவில்லை என்றாலோ குருதி நிற்கவில்லை என்றாலோ உடனே வாருங்கள். பெண் பிள்ளையின் தாய்மார் சிலர் தணிந்த குரலில் ஓர் ஐயம் கேட்பதுண்டு. முழங்கால் காயத்தைப் போலவே இதுவும் ஒரு காயம், ஆறிவிடும். அவளுடைய வருங்காலத்தைப் பற்றி இக்காயம் எதையும் சொல்வதில்லை. இதற்காக அவளது மிதிவண்டியை நிறுத்திவிட வேண்டாம்.

பெரியவர்கள் கற்கும்போது

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது, எழுத்துடன் மிதிவண்டியும் கற்ற பெண்கள் பல்லாயிரவர். கற்பதற்கு வயது தடையில்லை என்பதற்கு அவர்களே சான்று. ஆயினும் பெரியவரின் எடை அதிகம், எலும்பின் வளையும் தன்மை குறைவு. நீரிழிவு உள்ளவர் கால் சிராய்ப்பையும் அலட்சியப்படுத்தக் கூடாது. குருதி உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்பவருக்குத் தலையில் அடிபட்டால், அறிகுறி ஏதும் இல்லாவிட்டாலும் உடனே பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

உடனே மருத்துவமனைக்கு வரவேண்டிய நிலைகள்

• கையோ காலோ வளைந்து தோன்றுதல். முறிந்த இடத்தில் தோல் கிழிந்திருத்தல்
• கட்டுப் போட்டபின் வலி கூடுதல். விரல்கள் வெளிறுதல், சில்லிடுதல், மரத்துப்போதல்
• வயிற்றில் கைப்பிடியின் தடம், வாந்தி, வயிற்று வலி கூடுதல்
• ஸ்போக்ஸ் கம்பியில் சிக்கிய கால்
• தலையில் அடிபட்டபின் மேலே கூறிய அறிகுறிகளில் ஏதேனும் ஒன்று
• வேரோடு விழுந்த நிலைப்பல்
• சிறுநீரில் குருதி, அல்லது சிறுநீர் கழிக்க இயலாமை
• பத்து நிமிடங்கள் அழுத்தியும் நிற்காத குருதி

நினைவிழந்த குழந்தையையோ, கழுத்து வலிப்பதாகச் சொல்லும் குழந்தையையோ தூக்கி நிறுத்த வேண்டாம். அசைக்காமல் வைத்து 108 அழையுங்கள்.

முதல் நாளே செய்துகொள்ள வேண்டிய உடன்பாடு

மேற்கூறிய காயங்களில் பெரும்பாலானவை காலத்தே கண்டறிந்தால் முழுமையாகக் குணமாகக்கூடியவை. காலத்தே கண்டறியக் குழந்தை வாய்திறக்க வேண்டும். புதிய வண்டி கீறிவிட்டதே என்ற அச்சமும், இனி ஓட்டவிடமாட்டார்களோ என்ற கவலையும் அதன் வாயை அடைக்கின்றன. ஆகவே வண்டி வீட்டுக்கு வரும் அன்றே குழந்தையை அருகில் அமர்த்தி, தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: “நீ விழுவாய், எல்லோரும் விழுந்துதான் கற்றோம். விழுந்தால் எங்களிடம் வந்து சொல். திட்டமாட்டோம், வண்டியைப் பிடுங்கிக்கொள்ளவும் மாட்டோம்.” பிறகு அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். குழந்தை அழுதுகொண்டு வரும்போது முதலில் அதன் கை, வயிறு, தலை ஆகியவற்றைப் பாருங்கள். வளைந்த மட்கார்டைச் சைக்கிள் கடையில் மறுநாள் நிமிர்த்திக்கொள்ளலாம்.

மாவுக்கட்டுப் பிரித்த அன்று பிள்ளைகள் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, மீண்டும் எப்போது ஓட்டலாம் என்பது. எக்ஸ்ரேயில் எலும்பு உறுதியாகக் கூடியிருந்து, மணிக்கட்டும் முழங்கையும் தடையின்றி மடங்கி நீண்டு, பிரேக்கை முழு வலுவுடன் அழுத்த முடிந்தால் ஓட்டலாம். அந்நாளை உங்கள் மருத்துவர் குறித்துத் தருவார். அன்று குழந்தை சற்றுத் தயங்கக்கூடும். பழைய சமதளமான இடத்திற்கே அழைத்துச் சென்று, சீட்டை இறக்கி, மீண்டும் கால்களால் உந்தச் சொல்லுங்கள். ஒருமுறை கற்ற சமநிலையை உடல் மறப்பதில்லை. சில நிமிடங்களில் கால்கள் தாமாகவே பெடலைத் தேடும்.